இடைநிற்றலைத் தடுக்கும் திட்டம் பலன் தருகிறதா? கேள்வி பதில்

கே: திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளின் வருகை 70லிருந்து 82 சதவீதமாக ஏறியிருக்கிறது. வெற்றிதானே?
ப: இப்போதே சொல்ல முடியாது. வருகை அடிமட்டத்தில் இருந்தவர்களைத்தானே பொறுக்கி எடுத்தீர்கள்? அவர்களில் சிலருக்கு அந்தப் பருவத்தில் நோயோ வீட்டில் சிக்கலோ இருந்திருக்கும். திட்டமே இல்லாவிட்டாலும் அடுத்த பருவத்தில் ஓரளவு மேலே வந்திருப்பார்கள். அதே நிலையில் இருந்து, திட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் எவ்வளவு ஏறினார்கள் என்று பாருங்கள்.

கே: சேர மறுத்தவர்களோடு ஒப்பிடலாமா?
ப: கூடவே கூடாது. விரும்பி வருகிறவரிடம் ஏற்கெனவே ஆர்வம் இருக்கிறது. அதன் பலனும் திட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். சேர விரும்புகிறவர்களுக்குள் குலுக்கல் போட்டு இடம் கொடுங்கள்; இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடுங்கள்.

கே: யாரைத் தேர்ந்தெடுப்பது?
ப: பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்கள், கணக்கிலோ மொழிப்பாடத்திலோ தவறியவர்கள், இடைநீக்கம் ஆனவர்கள். குடும்ப வருமானத்தை மட்டும் பார்த்தால், எப்படியும் படிப்பை முடிக்கக்கூடியவர்களே பட்டியலை நிரப்பிவிடுவார்கள்.

கே: பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?
ப: பள்ளி ஆலோசகரைக் கேளுங்கள். திட்டம் பலன் தருகிறதா என்று அளப்பதுதான் என் துறை.

கே: குலுக்கல் போட்டு இடம் கொடுப்பது அநியாயம் இல்லையா?
ப: 120 பேருக்குத் தேவை, இடம் 60 என்றால் பாதிப் பேர் வெளியே நிற்கத்தான் வேண்டும். ஆசிரியருக்குப் பிடித்தவர் உள்ளே போவதைவிடக் குலுக்கல் நியாயமானது.

கே: நாளையே நின்றுவிடப் போகிற பிள்ளையையுமா குலுக்கலில் போடுவீர்கள்?
ப: மாட்டேன். அவருக்கு நேரே இடம் கொடுத்துவிட்டு, ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். மற்றவர்களுக்கு மட்டும் குலுக்கல்.

கே: எனக்கு அதுவும் ஒப்பவில்லை. தேவை அதிகம் உள்ளவருக்குத்தான் முதலில் உதவ வேண்டும்.
ப: அதற்கும் வழி உண்டு. வருகை, தேர்ச்சி, நடத்தை மூன்றையும் சேர்த்து அபாய மதிப்பெண் போடுங்கள். ஒரு வெட்டுக்கோடு வைத்து, அதற்கு மேல் உள்ள எல்லோருக்கும் இடம் கொடுங்கள். கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருப்பவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், அவர்களை ஒப்பிடுங்கள். ஆனால் குலுக்கலைவிடப் பல மடங்கு மாணவர்கள் தேவைப்படும். கிடைக்கும் விடையும் கோட்டின் அருகில் இருப்பவர்களுக்கே பொருந்தும். இரக்கப்பட்டு ஒருவர் நாலு பேரின் மதிப்பெண்ணைத் திருத்தினால் ஒப்பீடு கெட்டுவிடும். கோடு எங்கே என்று தெரிவதற்கு முன்பே மதிப்பெண்ணைப் பூட்டிவிடுங்கள்.

கே: நடுவில் விலகியவர்களை நீக்கிவிடலாமா?
ப: கூடாது. முதல் நாள் பட்டியலில் இருந்தவர்கள் கடைசிவரை கணக்கில் இருக்க வேண்டும்.

கே: போன ஆண்டைவிட இந்த ஆண்டு தேர்ச்சி கூடியிருக்கிறது...
ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவரை எப்படி எழுதுவது?
ப: பலர் கோட்டைவிடும் இடம் இது. திட்டத்துப் பிள்ளை காணாமல் போனால் திட்டத்தின் வழிகாட்டி தேடிப்போய், வேறு பள்ளியில் சேர்ந்ததைக் கண்டுபிடித்துவிடுவார். ஒப்பீட்டுக் குழுவில் தேட ஆளில்லாததால் அதே மாதிரிப் பிள்ளை இடைநின்றவராகப் பதிவாகிறார். ஒன்றும் மாறாமலே திட்டம் ஜெயித்ததுபோலத் தெரியும். இரு குழுவையும் ஒரே ஆள், ஒரே முறையில் தேடட்டும்; யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரிய வேண்டாம். புதிய பள்ளியின் சேர்க்கைப் பதிவு கையில் வரும்வரை, எந்தக் குழுவானாலும் இடைநின்றவர் என்றே எழுதுங்கள்.