தபால் பெட்டியில் யார் பெயர்?

கேள்வி: கணவர் வேலைக்காக பெர்லின் வந்து மூன்று வாரம். வங்கி அட்டை அனுப்பியாச்சு என்கிறார்கள், வந்தபாடில்லை. ஞாயிறன்று பால்கூடக் கிடைக்கவில்லை. அழுகையாக வருகிறது அக்கா.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் கீழே போய்த் தபால் பெட்டியைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? அங்கே அடுக்குமாடியில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் போன புதிதில் எனக்கும் இதே கதைதான். பழைய குடித்தனக்காரர் பெயருக்கு மேல் என் பெயரை எழுதி செல்லோ டேப் ஒட்டினேன், நாலாம் நாள் கடிதம் வந்தது. நம் ஊர் வழக்கப்படி உங்கள் பெயரின் பின்பாதி அப்பா பெயராக இருக்கும், கணவருடையது வேறாக இருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

குடிவந்த 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், 'அன்மெல்டுங்' என்பார்கள். செய்தாச்சா? நீங்கள் அங்கே குடிவந்ததாக வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் போகாதீர்கள். உங்கள் வட்டார அலுவலகத்தில் முன்பதிவு நேரம் கிடைக்காவிட்டால், பெர்லினில் எந்த வட்டார அலுவலகத்திலும் பதியலாம்.

ஞாயிறு கடையடைப்பு சட்டம். அவசரத்துக்கு மத்திய ரயில் நிலையத்துக் கடைகள் இருக்கின்றன. காலி தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் பெரும்பாலும் 25 சென்ட் திரும்ப வரும்.

அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. இரவு பத்துக்கு மேல் மிக்ஸி மட்டும் போடாதீர்கள்.