‘விட்டுவிடு’ என்றா சொல்கிறது தாவோ?

கேள்வி: எனக்கு வயது 43. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் எல்லாம் தம்பிக்குத்தான். என்னைக் கல்லூரிக்கு அனுப்ப அப்பா மறுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில்தான் பட்டம் வாங்கினேன். நான்கு வருடங்களுக்கு முன் வீட்டையும் நிலத்தையும் தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு போக்குவரத்து நின்றுவிட்டது. இப்போது அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். “பெத்த கடனுக்காவது வந்து பாரு” என்று அம்மா தினமும் போனில் அழுகிறார். மனசு ஆறட்டும் என்று தோழி ஒருத்தி தாவோ என்கிற சீனத் தத்துவத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். ‘எல்லாவற்றையும் விட்டுவிடு, நீரைப் போல ஓடு’ என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ‘அனுசரிச்சுப் போ’ என்று சொந்தக்காரர்கள் சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தாவோ உண்மையில் இதைத்தான் சொல்கிறதா? வேறு என்ன படிக்கலாம்? நான் போய் அப்பாவைப் பார்க்க வேண்டுமா?
— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அதைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகங்களுக்கு வர வேண்டும்.

தோழி கொடுத்தது, வரிகளைப் பொறுக்கித் தொகுத்த ஆறுதல் புத்தகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவற்றில் ஆறு வரும், மூங்கில் வரும், குடும்பம் வராது. மூல நூல்களில் குடும்பம் வருகிறது. அதுவும் விரிசல் விட்ட குடும்பமாகவே பல இடங்களில் வருகிறது.

பழஞ்சீன ஞானி லாவோ ட்சுவின் பெயரில் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’ 81 சின்னச் சின்ன அத்தியாயங்கள் கொண்டது. சி. மணியின் தமிழாக்கத்தை க்ரியா வெளியிட்டிருக்கிறது. அதில் 18-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். உறவுகளுக்குள் இணக்கம் போன பிறகுதான் பிள்ளையின் கடமை, பெற்றவரின் பாசம் என்ற பேச்சே கிளம்புகிறது என்கிறது அது. பெற்றோரைப் பேணுவதுதான் அறத்துக்கெல்லாம் வேர் என்று கன்பூசியஸின் வழிவந்தவர்கள் போதித்துக்கொண்டிருந்த நாட்டில் இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். பின்னால் யாரோ சேர்த்த வரியும் இல்லை இது. 1993-இல் ஹுபெய் மாகாணத்தில் குவோதியன் என்ற இடத்தில் ஒரு கல்லறையிலிருந்து மூங்கில் பட்டைகளில் எழுதிய பிரதி கிடைத்தது. கி.மு. 300 வாக்கில் புதைக்கப்பட்டது என்று கணிக்கப்படும் அந்தப் பழைய பிரதியிலேயே இந்த வரி இருக்கிறது.

ஆகவே அம்மா ‘பெத்த கடன்’ என்று சொல்லும்போது உங்களுக்குள் ஏதோ முரண்டு பிடிக்கிறதென்றால், அது உங்கள் மனசின் கோளாறு அல்ல. வீட்டில் அன்பு இயல்பாக ஓடிக்கொண்டிருந்தால் கடன் என்ற சொல்லே வந்திருக்காது.

உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும் இடம் 79-ஆம் அத்தியாயம். பெரிய பகையைச் சமாதானம் செய்து வைத்தாலும் கொஞ்சம் கசப்பு மிஞ்சத்தான் செய்யும், அதை எப்படி நல்ல முடிவு என்று சொல்வது என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறது. சமாதானத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் பழைய நூல்கள் குறைவு. அடுத்து ஒரு கடன் சீட்டைப் பற்றிச் சொல்கிறது. அந்தக் காலத்துச் சீனத்தில் ஒப்பந்தத்தை ஒரு பட்டையில் எழுதி இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். இடது பாதி கடன் கொடுத்தவர் கையில் இருக்கும். ஞானி அந்த இடது பாதியை வைத்திருப்பான், ஆனால் யாரிடமும் போய் வசூலிக்க நிற்கமாட்டான் என்கிறார் லாவோ ட்சு.

பட்டையை எரித்துவிடு என்று அவர் சொல்லவில்லை. கடனே இல்லை என்று நடிக்கவும் சொல்லவில்லை. உங்கள் அப்பா உங்களுக்குப் பட்டிருப்பது பெரிய கடன்: மறுக்கப்பட்ட படிப்பு, மறைத்துச் செய்த பத்திரம், பிள்ளைகளுக்குள் காட்டிய பாரபட்சம். பக்கவாதத்தில் கிடக்கும் ஒரு மனிதரிடமிருந்து இனி அதை வசூலிக்க முடியாது. அதற்காக அது தீர்ந்த கணக்காகவும் ஆகிவிடாது. சீட்டு உங்களிடமே இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்காமல் இருந்தால் போதும். ‘அனுசரிச்சுப் போ’ என்பவர்கள் சீட்டைக் கிழித்துப் போடச் சொல்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இதே நூலின் 63-ஆம் அத்தியாயம் பகைக்கு நன்மையால் பதில் செய்யச் சொல்கிறது. யாராவது அதை மட்டும் எடுத்து உங்களிடம் நீட்டினால், 79-ஐயும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சொத்து விஷயத்தில் ஒரு வார்த்தை. மேலே சொன்னது மனசுக்கு மட்டும்தான். அது பூர்விக நிலமாக இருந்தால் தமிழ்நாட்டின் 1989 சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005 திருத்தமும் மகளுக்குப் பங்கு தருகின்றன. அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால் கதை வேறு. ஒரு வக்கீலிடம் பத்திர நகலைக் காட்டிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் தாவோவுக்கு விரோதம் ஒன்றுமில்லை.

அடுத்து சுவாங் ட்சு. லாவோ ட்சுவுக்கு அடுத்தபடியாக தாவோ மரபு கொண்டாடும் ஆள். அவர் பெயரால் வழங்கும் நூலில் 33 அத்தியாயங்கள். பர்ட்டன் வாட்சன் 1968-இல் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், படிக்கச் சுகமான மொழி. அதில் ஓர் அவதானிப்பு வருகிறது. சந்தையில் முன்பின் தெரியாதவர் காலை மிதித்துவிட்டால் வளைந்து நெளிந்து மன்னிப்புக் கேட்கிறோம். அண்ணன் தம்பி காலை மிதித்தால் தட்டிக்கொடுப்பதோடு சரி. பெற்றவர் பிள்ளையின் காலை மிதித்தால் ஒன்றுமே சொல்வதில்லை. நெருக்கம் முழுமையாக இருக்கும் இடத்தில் மரியாதைச் சொற்கள் தேவைப்படாது என்பதற்காக சுவாங் ட்சு இதைச் சொல்கிறார். எனக்கு இதில் அவரோடு முழு உடன்பாடு இல்லை. நெருக்கம் இருந்தால் அந்த மௌனம் அழகுதான். இல்லாத வீட்டில் அதே மௌனம் மிதிபட்ட காலை மறுபடியும் மிதிக்கிறது. உங்கள் அப்பா மன்னிப்புக் கேட்காததற்கு உங்களைத் தன்னில் ஒரு பகுதியாக நினைத்தது காரணமா, பொருட்டாகவே நினைக்காதது காரணமா? இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு இடம், 14-ஆம் அத்தியாயம். மரியாதையால் பெற்றோரைப் பேணுவது எளிது, அன்பால் பேணுவது கடினம். அன்பால் பேணுவதுகூட எளிது, பெற்றோரை மறப்பது கடினம். அதையும் செய்துவிடலாம், பெற்றோர் தன்னை மறக்கும்படி செய்வது கடினம். இப்படியே படிப்படியாக ஏறிக்கொண்டு போகிறது. முதலில் படித்தபோது இது கல்நெஞ்சக்காரன் பேச்சு என்று பட்டது. போகப்போகத்தான் பிடிபட்டது: ஒருவர் நினைப்பு இன்னொருவர் நெஞ்சில் முள்ளாக உறுத்தாத நிலையைத்தான் மறதி என்கிறார். நான்கு வருடமாக அந்த வீட்டுப் பக்கம் போகாமலே நீங்கள் அப்பாவை ஒரு நாளும் மறக்கவில்லை, இல்லையா? விலகி இருப்பது வேறு, விடுபடுவது வேறு.

மனைவி இறந்தபோது சுவாங் ட்சு ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். பற்றில்லாதவன் அழமாட்டான் என்பதற்கு அதைச் சாட்சியாக இழுப்பார்கள். மூலத்தில், துக்கம் விசாரிக்க வந்த நண்பரிடம் அவர் முதலில் சொல்வது, இவள் இறந்தபோது எல்லோரையும் போல நானும் துக்கப்படாமல் இருந்திருப்பேனா என்பதுதான். பாட்டு அதற்கு அப்புறம்.

நாவல் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்றைச் சொல்வேன்: 18-ஆம் நூற்றாண்டில் சீன எழுத்தாளர் சாவ் சுவேச்சின் எழுதிய ‘சிவப்பு மாளிகைக் கனவு’. அவர் குடும்பம் பேரரசரின் தயவில் நான்ஜிங்கில் செல்வாக்காக இருந்தது. அவர் சிறுவனாக இருக்கும்போதே சொத்தெல்லாம் பறிமுதலானது. வீடு நொடிவதை உள்ளிருந்து பார்த்தவர் எழுதிய கதை இது. 120 அத்தியாயங்கள், கடைசி 40 வேறு கையால் ஆனவை என்று பலர் கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் டேவிட் ஹாக்ஸும் அவருடைய மருமகன் ஜான் மின்ஃபோர்டும் ‘த ஸ்டோரி ஆஃப் த ஸ்டோன்’ என்று ஐந்து தொகுதிகளாக மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

அதில் ஜியா ஜிங் என்றொரு பெரியவர். குடும்பப் பொறுப்பை மகன் தலையில் கட்டிவிட்டு, சாகாவரம் தேடி ஊருக்கு வெளியே தாவோ கோயிலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். இங்கே மகன் வீட்டைக் குட்டிச்சுவராக்குகிறான். கடைசியில் அவர் தேடிய அந்த மருந்தே அவரைக் கொல்கிறது. தாவோ பேரைச் சொல்லிக் குடும்பத்தை உதறுபவர்களை இந்த நாவல் கொஞ்சமும் மன்னிப்பதில்லை.

கதாநாயகன் பாவ்யூ அப்பாவின் கையால் உயிர் போகும் அளவுக்கு அடி வாங்குகிறவன். 21-ஆம் அத்தியாயத்தில் வீட்டுப் பெண்களோடு பிணங்கிக்கொண்டு தனியே உட்கார்ந்து சுவாங் ட்சுவைப் புரட்டுகிறான். இந்த உறவுகளையெல்லாம் வெட்டி எறிந்தால்தான் நிம்மதி என்று அதே நடையில் தானும் கொஞ்சம் எழுதி வைக்கிறான். மறுநாள் அதைப் பார்த்த அத்தை மகள் தாய்யூ, உன் அறியாமைக்கு வருந்தாமல் அடுத்தவர் மேல் பழி போடுகிறாயே என்ற பொருளில் ஒரு செய்யுள் எழுதிவிட்டுப் போகிறாள். கோபத்தில் இருக்கும்போது எந்த ஞான நூலும் நம் கோபத்துக்கே வக்காலத்து வாங்கும். புத்தகத்தை வைத்து முடிவெடுக்க நினைக்கும் யாரும் இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

அதே பாவ்யூ கடைசியில் வீட்டை விட்டுப் போகும்போது, பனி பெய்யும் ஒரு நாளில் அப்பாவின் படகைத் தேடி வந்து நான்கு முறை வணங்கிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுகிறான். சமாதானப் பேச்சு இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆனால் அப்பாவைப் பார்க்காமல் அவன் போகவில்லை.

சரி, நீங்கள் போக வேண்டுமா? கட்டாயம் இல்லை. போகாமல் இருப்பதாலேயே நீங்கள் கெட்ட மகள் ஆகிவிடமாட்டீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்பாவின் உடல்நிலையைப் பற்றி எழுதிய இடத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ கூடுதலாகத் தெரிந்தது. அதனால் ஒருமுறை போய் வரலாம் என்பது என் அபிப்பிராயம். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் போக வேண்டாம். கணக்குக் கேட்கவும் போக வேண்டாம். ஒரு பிற்பகல் போதும். திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரையோ அந்தத் தோழியையோ கூட அழைத்துப் போங்கள். தம்பி நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுங்கள். இனி ராத்தங்கி அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மா உங்கள் மேல் வைக்கப் பார்த்தால், எவ்வளவு முடியுமோ அதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொத்தை வாங்கிக்கொண்டவருக்கு அந்தப் பொறுப்பில் பெரும் பங்கு உண்டு.

படிப்பதற்கு சி. மணியின் தாவோ தே ஜிங்கிலிருந்து தொடங்குங்கள், 79-ஐ முதலில் படித்தாலும் தவறில்லை. சுவாங் ட்சு அதற்கு அடுத்து. அந்தப் பெரிய நாவலை இப்போது தொட வேண்டாம். பக்கவாதக்காரர் உள்ள வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே அலையும்போது ஐந்து தொகுதிகள் தாங்காது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். போய் வந்த பிறகு எழுதுங்கள். போகவில்லை என்றாலும் எழுதுங்கள்.