ஆள் இருந்தும் வேலை ஏன் நிற்கிறது? சைட் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அடுக்குமாடி சைட். ஒரு வாரம் பூச்சு வேலை பறக்கிறது, மறுவாரம் படுத்துவிடுகிறது. ஆட்கள் சோம்பேறிகள் என்கிறார் ஓனர். அப்படியா சார்?

பதில்: இல்லைங்க. பூச்சு தொடங்க எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டி பைப் பதித்திருக்க வேண்டும், சாரம் காலியாக இருக்க வேண்டும், எம் சாண்ட் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கொத்தனார் உட்கார்ந்துதான் இருப்பார். வரைபடம், பொருள், ஆள், கருவி, இடம், முந்தைய வேலை, வெளிச் சூழல் என ஏழும் கூடிவந்தால்தான் ஒரு வேலை நடக்கும் என்பது லௌரி கோஸ்கெலா என்ற கட்டுமான ஆய்வாளரின் கணக்கு. ஒவ்வொன்றும் 95 சதவீதம் உறுதி என்றே வைத்துப் பெருக்கிப் பாருங்கள், ஏழும் சேரும் வாய்ப்பு 70 சதவீதம்தான்.

கேள்வி: எங்கள் சைட்டில் பூச்சுக்காரர்களும் டைல்ஸ்காரர்களும் சராசரியாக வாரம் 5 அறை முடிக்கிறார்கள். அப்புறம் எப்படித் தாமதம்?

பதில்: சராசரிதான் ஏமாற்றுகிறது. பூச்சு முதல் வாரம் 1 அறை, அடுத்த வாரம் 9 அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் குழு முதல் வாரம் 1 அறைதான் போட முடியும், அடுத்த வாரம் 9 கிடைத்தாலும் அவர்களால் முடிவது 5தான், ஆக இரண்டு வாரத்தில் 10 போக வேண்டிய இடத்தில் 6. சும்மா போன அந்த நாட்கள் திரும்பாது, இந்த இழுபறி அப்படியே பெயிண்டர், கார்பென்டர் தலையிலும் விழும்.

கேள்வி: அடுத்த ஸ்லாபுக்கு கான்கிரீட் ஊற்ற அடியில் வைக்கும் சென்ட்ரிங் ஷீட் இல்லை. கீழ்த்தள ஸ்லாபைத் தாங்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 படி 4.5 மீட்டர் வரை ஸ்பேன் (தாங்கிகளுக்கு இடையிலான தூரம்) உள்ள ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். இன்னொரு செட் வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: சத் பூஜைக்கு பீகார் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள், மழையும் சேர்ந்துகொள்கிறது.

பதில்: இரண்டும் காலண்டரில் தெரிகிறதே. ஐப்பசி பிறப்பதற்குள் கூரை போட்டுவிட்டு, அந்த நாட்களுக்கு உள்வேலையை, இருக்கும் ஆட்களுக்குத் தக்க அளவில், ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பதில்: கிளென் பல்லார்டு என்ற கட்டுமான ஆய்வாளர் வகுத்த, வேலையை நேரில் நடத்துபவர்களே வாரத் திட்டம் போடும் 'லாஸ்ட் பிளானர்' முறையிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். சனிக்கிழமை மேஸ்திரிகளோடு உட்கார்ந்து, சொன்ன வேலைகளில் எத்தனை முடிந்தன, முடியாதது எதனால் என்று எழுதுங்கள். நான் இருந்த ஒரு சைட்டில் ஆறு வாரம் எழுதினோம். ஆள் பற்றாக்குறைதான் முதலில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். அதிக தடவை வந்தது, பாத்ரூம் சங்கன் ஸ்லாபின் (பைப்புக்காகத் தாழ்த்திப் போடும் தளம்) திருத்திய வரைபடம் ஆபீஸிலிருந்து வரவில்லை என்பதுதான்.