Re: குழாய்த் தண்ணீரில் கம்பி விட்டதும் செம்மண் நிறமாகிவிட்டது, குடிக்கலாமா?

அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் சகோ. அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததில்லை, ஆர்ஓ மெஷின் (சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் சுத்திகரிப்பான்) விற்க வந்தவர் தண்ணீரில் விட்ட மின்கம்பியில் இருந்து வந்தது. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகப் படியும். பாய்வதற்குத் தண்ணீரில் உப்புகள் வேண்டும்; குழாய்த் தண்ணீரில் இருக்கிறது, ஆர்ஓ தண்ணீரில் கிட்டத்தட்ட இல்லை. அவ்வளவுதான் வித்தை. மறுபடி வந்தால், அவருடைய 'சுத்தமான' ஆர்ஓ தண்ணீர்த் தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். முகத்தையும் பாருங்கள்!

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 320 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை தாராளமாக ஏற்கலாம். அதற்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. வீட்டு ஆர்ஓ சுத்திகரிப்பதைவிடக் கழிவாக வெளியேற்றுவதுதான் பெரும்பாலும் அதிகம் என்பதும் ஒரு காரணம். நிறுவனங்கள் எதிர்த்து நீதிமன்றம் போனது தனிக்கதை.

ஆனால் டிடிஎஸ் குறைவு என்பதாலேயே தண்ணீர் நல்லது என்றும் ஆகிவிடாது. டிடிஎஸ் அளக்கும் மீட்டருக்குக் கிருமி தெரியாது, ஃபுளோரைடும் தனியாகத் தெரியாது. கிருமிக்குக் கொதிக்க வைத்தால் போதும். ஃபுளோரைடு கொதித்தால் போகாது. ஃபுளோரைடு அதிகமுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீர் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு மெஷினைப் பற்றி யோசியுங்கள். முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே?