காணி உறுதியைத் திருப்பிப் பெட்டிக்குள் வையுங்கள்

உப்புவெளியிலிருந்து வந்த அக்கா கதிரையில் சரியாக உட்காரும் முன்பே பைக்குள்ளிருந்து காணி உறுதியை எடுத்து, படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லும் என் மேசையில் வைத்துவிட்டார். மகள் கணிதப் பிரிவில் ஏ.எல் இரண்டாம் தடவை எழுதியும், பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்குக் காணவில்லை. கனடாவிலிருக்கும் பெரியப்பா, கொழும்பில் ஒரு தனியார் சொஃப்ட்வெயர் டிகிரிக்கு இடம் பார்த்திருக்கிறாராம். முதல் வருடக் காசு அவர் பொறுப்பு. மிச்சத்துக்குக் காணியை ஈடு வைக்க வேண்டும்.

வழக்கம்போல "யோசிக்காதீங்க அக்கா" என்றுதான் தொடங்கினேன். உறுதியைப் பார்த்ததும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன். "இதை ஈடு வைக்காதீங்க. பிள்ளைக்குக் கோடிங் பிடிக்குமா என்று யாராவது கேட்டீங்களா?" ஒருவரும் கேட்கவில்லை. கூட வந்திருந்த மகளிடம் நான் கேட்டேன். "இல்லை சேர்" என்றாள், ஒரே சொல்லில்.

வேறு என்ன செய்வாய் என்று கேட்டதும் ஒரு கொப்பியை நீட்டினாள். ஊர்க் கோயில் திருவிழாவின் பத்து நாள் அன்னதானக் கணக்கு. இடப்பக்கம் முழுக்கப் பேனை: கொடியேற்றம், தேர், தீர்த்தம், எந்த நாள் யார் உபயம், பந்தல் எப்போது போடுவது. வலப்பக்கம் பென்சில்: இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எது மிஞ்சியது, நாளைக்கு அரிசி எத்தனை கிலோ. இரவுப் பூசை முடிந்ததும் கிடாரம் கழுவும் இடத்தில் எல்லோரையும் நிறுத்தி, மறுநாளைக்கு எதை மாற்றுவது என்று பேசுவாளாம்.

இந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் அக்கா. திட்ட முகாமைத்துவம் என்பார்கள். பேனையையும் பென்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் இவளுடைய முறைக்கு ஹைபிரிட் என்று பெயர்.

படிப்படியாக ஒன்றை முடித்து அடுத்ததுக்குப் போவது வோட்டர்ஃபோல், இவளுடைய பேனைப் பக்கம். 1970இல் அப்படி ஒரு படம் வரைந்த வின்ஸ்டன் ரோய்ஸ் என்பவரே, அதை அப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதியிருந்தார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மலையில் 17 பேர் கூடி எழுதிய கொள்கை அறிக்கைதான் அஜைல், இவளுடைய பென்சில் பக்கம். சிறிது சிறிதாகச் செய்து காட்டு, பார்த்துவிட்டு மாற்று என்பது அதன் போக்கு. எது பெரிது என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் இரண்டையும் கலந்துதான் ஓட்டுகிறார்கள்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டல் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். வாடைக்காற்று மழை தொடங்கும் முன் கூரை ஏற வேண்டும். பிரதேச சபை அனுமதி, அத்திவாரம், கொங்கிரீட் எல்லாம் பேனை. குழாய் பதித்த பிறகு குசினியை இடம் மாற்றினால் சுவரை உடைக்க வேண்டிவரும். ஆனால் புக்கிங் தளம், சாப்பாட்டுப் பட்டியல், திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணம் எல்லாம் பென்சில். வெள்ளைக்காரர் எதைக் கேட்பார்கள் என்று இப்போதே யாருக்குத் தெரியும்? இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்து பார்த்து மாற்றலாம். மாற்றினால் செலவு கூடுவதை முதலே பூட்டு, மலிவாக மாற்றக்கூடியதைத் திறந்து விடு. பாதிக்குப் பாதி பிரிக்கிற கணக்கு இதில் இல்லை. எஞ்சினியருக்கும் இணையத்தளம் செய்யும் பெடியனுக்கும் நடுவில் நின்று, எது மாறலாம், மாற்றுவதற்கு யார் கையெழுத்து என்று ஒரே பலகையில் வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இவள் வரலாம்.

இப்போது காசுக் கதை. அஜைல் முறையில் வேலை செய்யும் ஒரு வழியான ஸ்க்ரமின் கையேடு இலவசம், பதினைந்து பக்கம்கூட வராது. இந்த மாதமே வாசிக்கட்டும். பி.எம்.ஐ என்ற அமெரிக்கத் திட்ட முகாமைத்துவ அமைப்பு நடத்தும் சி.ஏ.பி.எம் என்ற தொடக்கநிலைத் தேர்வுக்கு வேலை அனுபவம் தேவையில்லை. பள்ளிப் படிப்பும் 23 மணித்தியால வகுப்பும் போதும். 150 கேள்வி, மூன்று மணித்தியாலம், வோட்டர்ஃபோல், அஜைல் இரண்டிலிருந்தும் கேட்பார்கள். கட்டணம் டொலரில் என்பதால் அதையும் உடனே கட்ட விடமாட்டேன். முதலில் ஒரு ஒப்பந்தகாரரிடமோ தொண்டு நிறுவனத்திலோ திட்ட உதவியாளராக ஆறு மாதம் நிற்கட்டும். வெறும் சான்றிதழுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள். ஏ.எல் முடித்த கையோடு அதே அமைப்பின் மேல்நிலைச் சான்றிதழான பி.எம்.பி எடுக்கலாம் என்று யாராவது விளம்பரம் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு வருடக்கணக்கில் திட்டம் நடத்திய அனுபவம் வேண்டும். டிகிரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை செய்துகொண்டே, காணியைத் தொடாமல் படிக்கலாம்.

"பொம்பிளைப் பிள்ளை சைட்டில போய் நிக்கிறதா?" என்று அக்கா இழுத்தார். அன்னதானத்தில் எத்தனை ஆம்பிளைகளை வேலை வாங்கினாய் என்று மகளிடம் கேட்டேன். "முப்பத்திரண்டு பேர் சேர், ரெண்டு பேர் இடையில ஓடிட்டாங்க." அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உறுதியை மடித்து அவரிடமே கொடுத்தேன். பெரியப்பாவின் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே பின்னேரம் ஐந்து மணி தாண்டினால் அங்கே விடிந்துவிடும். இன்றைக்கே எடுத்துப் பேசப் போகிறேன்.