தினமும் அதே மூன்று கேள்வி

வணக்கம் ஐயா,

நான் புனேயில் தொலைத்தொடர்புத் துறையில் வேலை செய்கிறேன். அம்மா காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். தினமும் இரவு ஒன்பது மணிக்கு போன் வரும். சாப்டியா, என்ன சாப்ட்டே, அங்க மழையா. மூன்றுக்கும் பதில் சொல்வேன். "சரி, வச்சுடறேன்" என்பார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஏழு வருடமாக இதேதான். நண்பர்களோடு விடிய விடியப் பேசுகிற எனக்கு அம்மாவோடு பேச ஒன்றுமே இல்லையா என்று உறுத்துகிறது. முன்கூட்டியே தெரிந்த செய்தியில் தகவல் இல்லை என்று, செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று கணக்கிடும் கிளாட் ஷானனின் கோட்பாட்டில் படித்தவன் நான். அந்தக் கணக்கில் எங்கள் பேச்சின் தகவல் பூஜ்யம். இதை உரையாடல் என்று சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

தாராளமாகச் சொல்லலாம்.

நீங்கள் ஷானனைச் சாட்சிக்கு அழைத்திருப்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கோட்பாட்டை முன்வைத்து 1948-ல் அவர் எழுதிய கட்டுரையின் தொடக்கத்திலேயே, செய்தியின் பொருள் என்ன என்பது தன்னுடைய பொறியியல் சிக்கலில் சேராது என்று அவர் ஒதுக்கிவிடுகிறார். சரி, பொருளை விட்டுவிட்டு அவருடைய கணக்கையே போட்டாலும் நீங்கள் சொல்லும் பூஜ்யம் வராது. "சாப்ட்டேன்" என்ற பதில் ஏறக்குறைய நிச்சயம் என்பதால்தான், என்றைக்காவது "இல்லை" என்று வந்தால் அந்த ஒரு சொல்லில் அவ்வளவு தகவல் இருக்கிறது. ஏழு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்கிறவருக்குத்தான் அது கேட்கும்.

என் அப்பா எழுதிய இன்லண்ட் கடிதங்கள் எல்லாமே "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்கும். விடுதியில் இருந்தபோது நான் அந்த வரியைப் படிப்பதே இல்லை. ஒரு தடவை அந்த வரி இல்லாமல் கடிதம் வந்தது. நேராக விஷயத்துக்கு வந்திருந்தார். அடுத்த வரியைப் படிப்பதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாட்டி படுத்த படுக்கையாகிவிட்டார் என்ற செய்தி அதற்கு அப்புறம்தான் வந்தது. படிக்காமலே தாண்டிப்போன அந்த வரியைத்தான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி, இன்று பப்புவா நியூ கினியில் சேர்ந்திருக்கும் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கியிருந்தவர். அங்கே மனிதர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்து, 1923-ல் ஒரு கட்டுரை எழுதினார். நலம் விசாரிப்பது, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பது, கண்ணெதிரே தெரிவதையே சொல்வது, இவையெல்லாம் செய்தி சொல்வதற்காக இல்லை, சேர்ந்திருப்பதற்காக என்றார். பக்கத்தில் இருப்பவன் பேசாமல் இருந்தால் மனிதனுக்கு அது நிம்மதி தராது, அச்சம்தான் தரும் என்பது அவருடைய வாதம். நம் ஊர்த் தெருவில் "எங்க, கடைக்கா?" என்று கேட்பவருக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதா முக்கியம்?

ஆனால் மலினோவ்ஸ்கியோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. அவர் சொல்வதில் பிணைப்பு இருக்கிறது, கேட்பவரின் காது இல்லை. 2009-ல் பத்து மொழிகளில் நடந்த பேச்சுகளைப் பதிவுசெய்து ஓர் ஆய்வு வெளியானது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். கேட்டதற்கு இசைவான பதில் சட்டென்று வருகிறது, இசையாத பதில் தாமதமாகிறது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஆனால் உங்கள் "சாப்ட்டேன்" வழக்கத்தைவிட அரை நொடி பிந்தினால் "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்பாரா இல்லையா?

இந்த மாதிரிப் பேச்சு ஒளிந்துகொள்ளவும் உதவும், அதையும் சொல்ல வேண்டும். வேலை போனதை மாதக்கணக்கில் மறைத்துக்கொண்டு தினமும் "நல்லா இருக்கேன்" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அதனால், சாப்பிடாத அன்றைக்கு சாப்பிடவில்லை என்றே சொல்லுங்கள். அம்மா பதறுவார், திட்டுவார். திட்டட்டும். தத்துவம் பேச உட்கார்ந்தால் கிடைக்காத பேச்சு அதிலிருந்து தொடங்கும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அம்மா மூன்று கேள்வி கேட்கிறார். நீங்கள் ஒன்றுகூடக் கேட்பதாக எழுதவில்லை. தனியாக இருக்கும் அம்மாக்கள், ஒருத்திக்காக எதற்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து இரவை ஒப்பேற்றிவிடுவார்கள். நாளைக்கு போன் வந்ததும் "நீ என்னம்மா சாப்ட்டே?" என்று கேளுங்கள். "ஏதோ இருந்ததைச் சாப்ட்டேன்" என்று பதில் வரும். அதோடு விட்டுவிடாமல், என்ன இருந்தது என்று கேளுங்கள்.