கண்ணாடிபோலத் தெளிந்தால் கரைந்துவிட்டதா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நுரைக்கிற பொருட்களைப் பற்றியவை. ஆய்வுகூடத்திலிருந்தும் வந்திருக்கின்றன, வயல் வரம்பிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒன்றாகச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி: ஓ.ஈ.சீ.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு) வெளியிட்ட 105ஆம் சோதனை வழிகாட்டியின் குடுவை முறைப்படி ஒரு சலவைப் பொருளின் நீர்க்கரைதிறனை அளக்கப் பார்க்கிறேன். எவ்வளவு போட்டாலும் கரைந்துகொண்டே போகிறது, கடைசியில் கூழாகிறது. அடியில் மிச்சம் தங்குவதே இல்லை. பாதுகாப்பு அறிக்கையில் என்ன எழுதுவது?

தங்கச்சி, உங்கள் கையில் பிழை இல்லை. அந்த முறை சீனி, உப்புப் போன்ற ஒழுங்கான பொருட்களுக்கு எழுதப்பட்டது. தேவைக்கு ஐந்து மடங்கு பொருளைப் போட்டு 30 பாகையில் குலுக்கி, 20 பாகைக்குக் கொண்டுவந்து ஒரு நாள் வைத்து, மேலே தெளிந்த நீரை எடுத்து அளப்பார்கள். அடியில் மிச்சம் கிடக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி.

உங்கள் சலவைப் பொருள் போன்ற நுரைக்கிற பொருட்களை மேற்பரப்புச் செயலிகள் என்பார்கள். அவை அப்படி நடந்துகொள்வதில்லை. அவற்றின் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. குறைந்த செறிவில் மூலக்கூறுகள் தனித்தனியாக நீந்தும். ஒரு அளவு வந்ததும் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு கும்பலாகக் கூடிவிடும். அந்தக் கும்பல்தான் மைசெல். சோடியம் டோடெசைல் சல்பேற்றை எடுத்தால், தூய நீரில் 25 பாகையில் லீற்றருக்கு ஏறக்குறைய 2.3 கிராமில் இது தொடங்கும். ஒரு மைசெலில் அறுபது மூலக்கூறு வரை இருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் தனி மூலக்கூறுகளின் செறிவு ஏறாது, கூட்டங்கள்தான் பெருகும். மிச்சம் அடியில் கிடக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் நீரிலேயே மிதக்கிறது.

வடித்துப் பிரிக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, அளந்து, பெரிய எண் ஒன்றைப் பெருமையோடு எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, வலைக்குள்ளால் நெத்தலி போன கதை இது" என்றார். மைசெலின் விட்டம் நான்கைந்து நனோமீற்றர்தான். வடியின் துளை அதைப்போல் நூறு மடங்கு. சாதாரண மையநீக்கியில் சுழற்றினாலும் அது அடியில் படியாது.

அப்படியானால் எழுத வேண்டிய எண், மைசெல் தொடங்கும் அந்தச் செறிவுதான். ஐரோப்பிய இரசாயன முகவரகத்தின் வழிகாட்டலும் மேற்பரப்புச் செயலிகளுக்கு அதையே கரைதிறனாக எடுக்கச் சொல்கிறது. காரணம் இருக்கிறது. பொருள் நீரில் எவ்வளவு தங்கும், சேற்றில் எவ்வளவு ஒட்டும், மீனுக்குள் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடும் மாதிரிகள் தனி மூலக்கூறுகளை மனதில் வைத்தே கட்டப்பட்டவை. அங்கே "லீற்றருக்கு 300 கிராம்" என்று போட்டால், பொருள் நீரிலேயே கிடக்கும், வேறெங்கும் ஒட்டாது என்று மாதிரி நம்பிவிடும். ஒக்டனோல்-நீர்ப் பங்கீட்டை (பொருள் எண்ணெய்ப் பக்கம் எவ்வளவு, நீர்ப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை) கரைதிறன்களின் விகிதமாக மதிப்பிடும்போதும் இதே தவறு தொடரும்.

எண்ணோடு வெப்பநிலை, எந்த நீர், எந்த முறை என்பவற்றையும் எழுதுங்கள். அதற்கு மேலும் தெளிவாகக் கலக்கிறது என்றால் அதைத் தனி வரியாகச் சொல்லுங்கள். பாதுகாப்புத் தாள்களில் "நீரில் முழுதும் கரையும்" என்ற ஒற்றை வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். தொடங்குமுன் ஓ.ஈ.சீ.டி. 115ஆம் வழிகாட்டியின் மேற்பரப்பிழுவிசைச் சோதனையைச் செய்துவிடுங்கள். நீரின் மேற்பரப்பைத் தோல்போல இறுக்கிப் பிடிக்கும் விசைதான் அது. 20 பாகையில் தூய நீரின் மேற்பரப்பிழுவிசை மீற்றருக்கு 72.8 மில்லிநியூட்டன். லீற்றருக்கு ஒரு கிராம் போட்ட கரைசலில் அது 60க்குக் கீழே இறங்கினால் பொருள் மேற்பரப்புச் செயலி. குடுவை முறையை அங்கேயே மூடிவைக்கலாம்.

வவுனியா ஆய்வுகூட உதவியாளர்: மேற்பரப்பிழுவிசையைச் செறிவின் மடக்கைக்கு எதிராக வரைந்தேன். கோடு இறங்கி, ஓரிடத்தில் பள்ளம் விழுந்து, சற்று ஏறிப் பிறகு சமன்படுகிறது. எந்தப் புள்ளியை எடுப்பது?

அவசரப்பட்டு எதையும் எடுக்காதீர்கள். சுத்தமான பொருளுக்குக் கோடு இறங்கி ஒரு முழங்கை போல மடிந்து நேராகும், பள்ளம் விழாது. பள்ளம் வந்தால் கலப்படம் இருக்கிறது என்று பொருள். டோடெசைல் சல்பேற்றில் பெரும்பாலும் டோடெக்கனோல் என்ற மதுசாரத்தின் மிச்சம்தான் காரணம். அது மேற்பரப்பில் போய்க் குந்திக்கொண்டு இழுவிசையைக் கூடுதலாக இறக்கும். மைசெல்கள் வந்ததும் அவற்றுக்குள் இழுபட்டுவிடும், அதனால் கோடு மேலே ஏறுகிறது. பொருளைக் கரைத்து மறுபடி பளிங்காக விழவைத்துச் சுத்தமாக்கிவிட்டு (மீள்பளிங்காக்கல்) மறுபடி அளவுங்கள். விற்பனைக்கு வரும் கலவையையே மதிப்பிட வேண்டும் என்றால், பள்ளத்தை மறைக்காமல் வரைபையும் சேர்த்துக் கொடுங்கள்.

நேரேற்றத் தலையுள்ள பொருளானால் இன்னொரு தொல்லை: கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஐதான கரைசலில் நீங்கள் போட்டதாக நினைக்கும் அளவு நீரில் இருக்காது. குடுவையை அதே கரைசலால் இரண்டு மூன்று தரம் கழுவி ஊற்றிவிட்டு அளவுங்கள்.

கனகராயன்குளம், உயர்தர இரசாயன ஆசிரியர்: எங்களிடம் இழுவிசைமானி இல்லை. மாணவர்களுக்கு இதைக் காட்ட வழி உண்டா?

கடத்துதிறன்மானி இருந்தால் போதும், சேர். டோடெசைல் சல்பேற்றுக் கரைசலை அளவியிலிருந்து சிறிது சிறிதாகக் காய்ச்சி வடித்த நீருக்குள் விட்டு, ஒவ்வொரு முறையும் கடத்துதிறனைக் குறியுங்கள். முதலில் கோடு வேகமாக ஏறும், பிறகு சாய்வு குறையும். இரண்டு நேர்கோடுகளும் வெட்டும் இடம்தான் விடை. மின்னேற்றம் இல்லாத (அயனில்லாத) செயலிகளுக்கு இது வேலை செய்யாது. வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மதிய வெயில் விழும் யன்னலோரம் வேண்டாம்.

ஒட்டுசுட்டான் வாசகி: எங்கள் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை, தயிர்போலத் திரிகிறது. இதுவும் கரைதிறன் சம்பந்தப்பட்டதா?

ஆம் அக்கா. வன்னி நீர் பல இடங்களில் வன்னீர், அதாவது கடின நீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைப் பிடித்து, கரையாத உப்பாக்கிவிடுகின்றன. சலவைத்தூள் இதைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஆய்வுகூடக்காரர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. உப்புச் சேர்ந்தால் அயன் செயலிகளில் மைசெல் முன்னதாகவே தொடங்கும். தூய நீரில் 8 மில்லிமோலில் தொடங்கும் டோடெசைல் சல்பேற்று, லீற்றருக்கு 0.1 மோல் கறியுப்பு இருந்தால் சுமார் ஒன்றரை மில்லிமோலிலேயே தொடங்கிவிடும். குழாயில் பிடித்த நீரில் அளந்துவிட்டு நூலில் உள்ள எண்ணோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பில் பாத்திரம் கழுவும் திரவம் தயாரிக்கும் பெண்கள் குழு: எஸ்.எல்.இ.எஸ். (சோடியம் லோரைல் ஈதர் சல்பேற்று) பசைக்குள் தண்ணீர் விட்டால் கரையாமல் யெலி போல இறுகுகிறது. பசை பழுதா?

பழுதில்லை. கடையில் வருவது பொதுவாக 70 சதவீதப் பசை. அந்தச் செறிவில் மூலக்கூறுகள் தட்டுத்தட்டாக அடுக்கி இருப்பதால் வழுக்கி ஓடும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் அடுக்கு மாறி, நீண்ட குழல்களாக நெருங்கி நின்று இறுகிவிடும். முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மீண்டும் ஓடும். ஆகவே முதலில் தண்ணீர் முழுவதையும் பாத்திரத்தில் விட்டு, அதற்குள் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் நுரைதான் மிஞ்சும். (எரிசோடாவும் குளோரீனும் செய்த தொழிற்சாலை ஒரு காலத்தில் உங்களுக்குக் கிட்டவே பரந்தனில் இருந்தது. இன்று பசைக்கும் கொழும்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது.)

வவுனிக்குளத்துக் கமக்காரர்: களைநாசினியுடன் கலக்கும் ஒட்டுத் திரவப் போத்தலில் "நீரில் முழுமையாகக் கரையும்" என்று இருக்கிறது. அப்படியென்றால் தாங்கியை வாய்க்காலில் கழுவினால் பாதிப்பில்லைதானே?

ஐயா, அந்த வரி கலக்குகிறவரின் வசதிக்காக எழுதியது, மீனுக்காக எழுதியதல்ல. ஒட்டுத் திரவத்தில் இருப்பதும் மேற்பரப்புச் செயலிதான். நன்றாகக் கரைகிற செயலி மீனின் பூவில் (செவுளில்) நன்றாகவே போய்ப் படும். சலவைத்தூளில் இருக்கும் எல்.ஏ.எஸ். என்ற செயலி லீற்றருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியது. மைசெல் தொடங்க அதைப்போலப் பல மடங்கு வேண்டும். மேலே மாணவிக்குச் சொன்ன எண் கணக்கு மாதிரிக்கு வேண்டியது, குளத்துக்கான பாதுகாப்பு எல்லை என்று அதை எவரும் எடுத்துவிடக் கூடாது.

2015இல் இங்கே கிளைபோசேற் தடை வந்தபோது எல்லாரும் அந்த மருந்தைப் பற்றியே பேசினோம். அதோடு போத்தலில் வந்த கொழுப்பமைன் வகைச் செயலி, கிளைபோசேற்றை விட மீனுக்குக் கடுமையானது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் கிளைபோசேற் மருந்துகளில் அதைச் சேர்ப்பதை நிறுத்தியது. கூட வருகிறவர் சம்பந்தியை விடப் பொல்லாதவராக இருப்பதுண்டு.

தாங்கியை வயலுக்குள்ளேயே மூன்று தரம் அலசி, அலசிய நீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். வாய்க்கால் பக்கம் போகவே வேண்டாம்.

கிளிநொச்சி, பெயர் எழுதாத ஒருவர்: குளிர்சாதனப் பெட்டியில் வைத்த டோடெசைல் சல்பேற்றுக் கரைசலில் வெள்ளைப் பளிங்கு விழுந்துவிட்டது. எறியவா?

எறியாதீர்கள். இந்தப் பொருளுக்கு ஏறக்குறைய 16 பாகைக்குக் கீழே மைசெல் கட்ட முடியாது, மிஞ்சியது பளிங்காக விழும். அந்தக் குளிரில் அடியில் உண்மையான மிச்சம் கிடப்பதால், அங்கே மட்டும் பழைய குடுவை முறையே சரியான எண்ணைத் தரும். போத்தலை வெளியே எடுத்து வையுங்கள், கிளிநொச்சி வெயிலுக்கு அரை மணி நேரம் போதும். கலக்கிவிட்டுப் பாவியுங்கள்.